எச்பி பென்சில்

டுவைட்டின் டயர் கடைப் பின்கட்டில்
சக்கரத்து எடைக்கட்டிகள், ஒரு வாளி.
இருபது டாலர். ஒரு கையால் தூக்க வரவில்லை.
"மானுக்கா?" என்றான்.
"எல்க்குக்கு."
சிரித்தான். போன நவம்பரில் நான் குறி தவறியது
இடாஹோவின் இந்த மூலைக்கே தெரியும்.

ஒவ்வொன்றையும் குறட்டால் கடித்துப் பார்ப்பேன்.
பல் பதிந்தால் காரீயம்.
வழுக்கினால் இரும்பு, இல்லாவிட்டால் துத்தநாகம்.
ஒரே ஒரு துத்தநாகக் கட்டி கண்ணுக்குத் தப்பினால் போதும்,
சட்டி முழுக்க ஓட்ஸ் கஞ்சி.
அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை
அப்படியே கொட்டியிருக்கிறேன்.

இடித்துப்போட்ட ஆஸ்பத்திரியின்
எக்ஸ்ரே அறைச் சுவரிலிருந்து உரித்த தகடும் இருந்தது,
பாய் போலச் சுருட்டி.
கலப்பில்லாத காரீயம். நகம் பட்டாலே பள்ளம்.
ஊராரின் விலா எலும்புகளை எல்லாம் பார்த்துவிட்டு
வெளியே மூச்சு விடாத சுவர்.
அவ்வளவு மிருது துப்பாக்கிக்கு ஆகாது.
குழலின் வரிகளில் அப்பிக்கொண்டு
போகமாட்டேன் என்கும்.

இறுக்கம் வர அஞ்சனக்கல் சேர்ந்த பழைய அச்செழுத்து.
அச்சின் மூலை வரை நிரம்பி ஓட வெள்ளீயம்:
வில்லாவின் முதல் கணவன்
பந்துருட்டி ஜெயித்த கோப்பை அதற்கு உதவியது.
அவளைக் கேட்டுத்தான் போட்டேன்.
கேட்டு முடிப்பதற்குள் அவளே போட்டாள்.

அச்சைத் தட்டினால்
தண்ணீர் வாளிக்குள் சுர், சுர்.
அன்றைக்கே இறுகிவிடாது.
அலமாரியில் கிடந்து, யாரும் தொடாமல்,
நாள் போகப் போகத்தான் இறுகும்.
வில்லாவும் நானும் சண்டைக்குப் பிறகு இதே கணக்குதான்.

பித்தளைக் கூடுகள் வாய் பிளந்து வரிசையில் நிற்கும்.
ஈயத்தைப் பார்த்து இளிக்கிற பித்தளை.
இளிக்கட்டும்.
நாளைக்கு இதைத்தான் விழுங்கப்போகிறது.

இறுகியதா என்று பார்க்கக் கருவி உண்டு, விலை அதிகம்.
பென்சில் போதும்.
கூரால் அழுத்தித் தள்ள வேண்டும்:
மூன்றுபி வழுக்குகிறது, பி வழுக்குகிறது,
எச்பி கீறி, மெல்லிய சுருளாய்ச் சீவுகிறது.
இந்தக் கலவைக்கு அது போதும்.
பென்சில்கள் மெரிட்டின் பெட்டியிலிருந்து.
வேலை முடிந்ததும் ஒழுங்காகத் திருப்பி வைத்துவிடுவேன்.

மார்ச்சில் மாவட்டச் சுகாதாரத்திலிருந்து
திருமதி கீஸ்லிங் வந்தார்.
இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்
எல்லோருக்கும் விரல் குத்திப் பார்ப்பது வழக்கம்.
மெரிட்டின் எண் ஒன்பது.
காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல என்பார்கள்.
ஊற்றியது காதில்தான்.
காய்ச்சியவன் நான்.

ஜன்னல் சட்டத்துச் சாயம் பார்த்தார்.
ஓடை மணலில் விளையாடுவாளா என்றார்.
குழாய்த் தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டார்.
மெரிட் மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்,
பென்சில் வாயில்.
என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு,
"அதற்குப் பயப்படாதீர்கள்" என்றார் அன்பாக,
"பென்சிலில் இருப்பது காரீயமே இல்லை. வெறும் கரி."

நுனி மினுங்கியது. கரி அப்படி மினுங்காது.

அவர் கார் கதவைத் திறக்கும்வரை
நான் வாய் திறக்கவில்லை.
பிறகு கராஜைத் திறந்தேன்.

திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.
பென்சில் மட்டும் இல்லை என்றார்.
சட்டைக் கை, கார் இருக்கை,
வேலை முடிந்து உள்ளே வந்ததும்
அவளைத் தூக்கிச் சுற்றுவீர்களே, அது.
எப்படித் தெரியும் என்று கேட்டேன்.
"எல்லா அப்பாக்களும்தானே" என்று எழுதிக்கொண்டார்.

சட்டி ஆறிப்போய்க் கிடக்கிறது.
அடியில் உறைந்த கட்டி.
எடுக்க வேண்டுமானால் மறுபடி உருக்க வேண்டும்,
அதனால் எடுக்கவில்லை.
டுவைட் இரண்டு தடவை கூப்பிட்டான், வாளி சேர்ந்திருக்கிறதாம்.

மெரிட்டுக்குப் பன்னிரண்டு புதிய பென்சில்கள்.
"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே அப்பா,
என் பழைய எச்பி எங்கே?"
ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள்.
பல் பதிகிறது.